1823இல் எழுதப்பட்ட ஒரு பணிக்கூற்று: வட்டுக்கோட்டை செமினரி எதற்காகத் தொடங்கப்பட்டது, ஏன் மூடப்பட்டது?

இலங்கையில் இன்று எந்தப் பாடசாலைக்குள் நுழைந்தாலும் ‘தூரநோக்கு’, ‘பணிக்கூற்று’ என்ற இரண்டு தலைப்புகளின் கீழ் சில வரிகள் சுவரில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். போர் முடிந்தபின் வன்னியில் திறக்கப்பட்ட திட்ட அலுவலகங்களிலும் அதேபோன்ற பலகைகள் இருந்தன. செய்தி சேகரிக்கப்போகும் இடங்களில் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது எனது வழக்கம். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்துக்குப் போனால் பலகை இருக்கும், அலுவலகம் இருக்காது. நிதி முடிந்துவிட்டது என்பார்கள். திட்டம் எதைச் சாதித்தது, யார் அதை அளந்தார்கள், மூடுவது என்று யார் முடிவெடுத்தார்கள் என்ற கேள்விகளுக்கு ஊரில் பதில் கிடைப்பதில்லை.

இந்தக் கேள்விகள் யாழ்ப்பாணத்துக்குப் புதியவை அல்ல. வட்டுக்கோட்டை என்றதும் எங்களில் பலருக்கு 1976ஆம் ஆண்டுத் தீர்மானமே நினைவுக்கு வரும். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர், அதே ஊரில், அமெரிக்க மிஷனரிகள் ஓர் உயர்கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் நோக்கமும் விழுமியங்களும் எழுத்தில் வைக்கப்பட்டன. முப்பத்திரண்டு ஆண்டுகள் இயங்கிய அந்த நிறுவனம், தனது நோக்கத்தை நிறைவேற்றவில்லை என்ற காரணத்தின் பேரில் மூடப்பட்டது. ஒரு கிறிஸ்தவ உயர்கல்வி நிறுவனம் தனது பணி என்று எதைச் சொன்னது, நடைமுறையில் எது நடந்தது, இரண்டையும் யார் அளந்தார்கள் என்பதைப் பதிவுசெய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கர்கள் ஏன் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள்?

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘அமெரிக்கன் போர்ட்’ என்ற மிஷன் சபை 1810இல் உருவானது. அதன் முதல் மிஷனரிகளை இந்தியாவில் தங்கவிடக் கிழக்கிந்தியக் கம்பனி விரும்பவில்லை. அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்தார். தமிழ் பேசும் யாழ்ப்பாணம் பணிக்கு ஏற்ற இடம் என்று அவர் தெரிவித்த கருத்தின் அடிப்படையில், 1816இல் டானியல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ், எட்வேர்ட் வொறன் ஆகியோர் வந்துசேர்ந்தனர். போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்து, பின்னர் சிதைந்துகிடந்த தேவாலயக் கட்டடங்கள் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களுடைய முதல் நிலையங்கள்.

ஆங்கிலேய அரசு அவர்களை முழுமையாக நம்பவில்லை. 1820இல் அச்சாளர் ஜேம்ஸ் கறெற் வந்திறங்கியபோது, அவர் தீவை விட்டு வெளியேற வேண்டும் என்று எட்வேர்ட் பான்ஸின் நிர்வாகம் உத்தரவிட்டது. அதன்பின்னர் 1833 வரையில் புதிய அமெரிக்க மிஷனரிகள் இலங்கைக்கு வர அனுமதிக்கப்படவில்லை. ஊடகக் கற்கை படித்த காலத்தில் இதை வாசித்தபோது, யாழ்ப்பாணத்தில் அச்சுத்தொழில் ஒரு தடையுத்தரவோடுதான் ஆரம்பமானது என்று வகுப்பில் நாங்கள் பேசிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

வெளியிலிருந்து ஆட்கள் வர முடியாது என்றால், உள்ளூரிலேயே ஆட்களை உருவாக்க வேண்டும். உயர்கல்வி நிறுவனம் பற்றிய எண்ணம் வலுப்பெற்றதற்கு இந்தத் தடையும் ஒரு காரணம்.

திட்டத்தில் என்ன இருந்தது?

1823 மார்ச் மாதத்தில் மிஷனரிகள் ஒரு திட்ட அறிக்கையை வெளியிட்டார்கள். தமிழ் இளைஞருக்கும் ஏனைய இளைஞருக்கும் இலக்கியக் கல்வியும் சமயக் கல்வியும் வழங்கும் ஒரு கல்லூரியை அமைப்பதே திட்டம். இன்றைய மொழியில் சொன்னால் அது அந்த நிறுவனத்தின் பணிக்கூற்று.

அதில் நான்கு விடயங்கள் முதன்மை பெறுகின்றன. ஒன்று, ஆங்கிலத்தை ஆழமாகக் கற்பிப்பது. உலகின் அறிவுச் செல்வம் அந்த மொழியில் குவிந்திருக்கிறது என்பது அவர்களுடைய வாதம். இரண்டு, தமிழ் இலக்கியத்தை வளர்ப்பது. தமிழில் செய்யுள் நூல்கள் உயர்ந்த நிலையில் இருந்தும் உரைநடை நூல்கள் மிகக் குறைவு என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். புதிய அறிவைத் தமிழில் எழுதக்கூடியவர்களை உருவாக்க வேண்டும் என்றார்கள். மூன்று, தெரிவுசெய்யப்பட்ட சிலருக்குச் சமஸ்கிருதமும், போதகர்களாக வரக்கூடியவர்களுக்கு எபிரேயம் போன்ற மொழிகளும் கற்பிப்பது. நான்கு, புவியியல், வரலாறு, கணிதம், பௌதிகம், வானியல் முதலிய ஐரோப்பிய அறிவியலைக் கற்பிப்பது. இவை அனைத்துக்கும் மேலாக, கிறிஸ்தவ உண்மையை அறிந்த, அதைப் பரப்பக்கூடிய தமிழர்களை உருவாக்குவதே இறுதி இலக்கு என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அறிவு வளர்ந்தால் விசுவாசம் தானாக வரும் என்று மிஷனரிகள் நம்பினார்கள். பூமி உருண்டை என்பதை மாணவன் கணக்குப் போட்டு அறிந்துகொண்டால், மேரு மலையை மையமாகக் கொண்ட புராண உலகைக் கைவிடுவான், அடுத்த படியாகக் கிறிஸ்தவன் ஆவான் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பின் முதற்பாதி நிறைவேறியது. இரண்டாவது பாதியில்தான் சிக்கல் வந்தது.

‘இலங்கையின் முதல் பல்கலைக்கழகம்’ என்பது சரியா?

சமூக ஊடகங்களில் வட்டுக்கோட்டை செமினரியை இலங்கையின் முதல் பல்கலைக்கழகம் என்று பலர் எழுதுகிறார்கள். சட்டப்படி அது சரியல்ல. அமெரிக்கர்கள் நடத்தும் ஒரு நிறுவனத்துக்குக் கல்லூரிக்குரிய பட்டயத்தை வழங்க ஆங்கிலேய அரசு முன்வரவில்லை. அதனால் 1823 ஜூலை 22ஆம் திகதி அது ‘மத்திய பாடசாலை’ என்ற அடக்கமான பெயரிலேயே தொடங்கப்பட்டது. பின்னர் ‘செமினரி’ என்ற பெயர் நிலைத்தது. பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு ஒருபோதும் கிடைக்கவில்லை.

ஆனால் கல்வியின் தரம் வேறு விடயம். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் இந்த நிறுவனத்தை நேரில் பார்த்தவர். 1850இல் வெளியான தனது நூலில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒரே வரிசையில் வைக்கத் தகுதியானது என்று இதனைப் பற்றி அவர் எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வெளிவந்த இருவர் சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் ஆவர். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். எனவே பெயரால் பல்கலைக்கழகம் இல்லை, பயிற்சியால் பல்கலைக்கழகத் தரம் என்று சொல்வதே பொருத்தம்.

வகுப்பறைக்குள் நடந்தது

முதல் அதிபர் டானியல் பூவர். 1836க்குப் பின்னர் ஹென்றி ஹொய்சிங்டன் பொறுப்பேற்றார். இருவருக்கும் வானியலில் ஈடுபாடு இருந்தது. 1829இல் நிகழ்ந்த ஒரு சந்திர கிரகணத்தைப் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்புக்கும் செமினரியின் கணிப்புக்கும் இடையே வேறுபாடு எழுந்தபோது, அது ஊரே பார்த்திருந்த ஒரு போட்டியாக மாறியது. மிஷனரிகள் அதைத் தங்கள் வெற்றியாகப் பதிவுசெய்தார்கள்.

ஆனால் எதிராளியை வெல்வதற்காகவாவது எதிராளியின் நூல்களைப் படிக்க வேண்டியிருந்தது. ஹொய்சிங்டன் இந்திய வானியல் முறையைக் கற்று 1848இல் அது பற்றிய நூலொன்றை வெளியிட்டார். சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை ஆகியவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியாயின. சைவத்தை மாற்றுவதற்கு வந்த ஒரு நிறுவனத்தின் அதிபர், சைவ சித்தாந்தத்தை மேற்குலகுக்கு அறிமுகம் செய்தவர்களுள் ஒருவராக முடிந்தார். பணிக்கூற்றில் இப்படி ஓர் இலக்கு இருக்கவில்லை.

மாணவர்களும் அப்படித்தான். 1841 ஜனவரியில் ‘உதயதாரகை’ வெளிவரத் தொடங்கியது. தமிழும் ஆங்கிலமுமாக வந்த அந்தப் பத்திரிகையை ஆரம்பித்தவர்கள் செமினரியில் படித்த ஹென்றி மாட்டினும் சேத் பேசனும். மிஷன் பத்திரிகைதான், எனினும் அதில் சைவர்களின் மறுப்புகளும் வந்தன. எங்கள் பத்திரிகைத் தொழிலின் வேர் அங்கே இருக்கிறது. ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்ற புலவர் வரலாற்றை 1886இல் வெளியிட்ட ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் செமினரியில் படித்தவரே.

பெயர்களைக் கவனித்தீர்களா? மாட்டின், பேசன், கரோல், ஆர்னல்ட். அமெரிக்காவில் உள்ள நன்கொடையாளர் ஒருவர் ஒரு மாணவனின் செலவைப் பொறுப்பேற்கும்போது, அந்த மாணவனுக்கு அவர் விரும்பும் பெயரை வைக்கும் வழக்கம் இருந்தது. உதவியோடு பெயரும் வந்தது. தாமோதரம்பிள்ளைக்கும் ஒரு கிறிஸ்தவப் பெயர் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. பின்னாளில் அவர் சைவத்துக்குத் திரும்பினார். தொல்காப்பிய உரைகளையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏடுகளிலிருந்து பதிப்பித்தார். ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் தெரிவுசெய்வதற்கு வேண்டிய பொறுமைக்கு, கணிதத்தையும் அறிவியலையும் முறையாகக் கற்ற இளமைப் பயிற்சியும் துணை நின்றிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

விழுமியங்கள் எட்டாத இடங்கள்

இந்தக் கதையைப் பெருமையோடு மட்டும் சொல்லி முடிக்க முடியாது. எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்ற போதனையோடு வந்த மிஷனரிகள், சாதியின் முன்னால் பல இடங்களில் இறங்கிப்போனார்கள். மிஷன் வளவுக்குள் சமைத்த உணவைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று பெற்றோர் நின்றபோது, ஆரம்பத்தில் வளவுக்கு வெளியே சமையலுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. செமினரி மாணவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெள்ளாளர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் அநேகமாக மூடியே இருந்தது.

பெண்களுக்கு வட்டுக்கோட்டையில் இடமில்லை. 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டது. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் அதுவும் ஒன்று என்பதை நாங்கள் பெருமையாகச் சொல்வோம். ஆனால் அதன் ஆரம்ப நோக்கங்களுள் ஒன்று, செமினரியில் படித்த கிறிஸ்தவ இளைஞருக்குப் படித்த மனைவியரை உருவாக்குவது. உயர்கல்வி என்ற எண்ணம் அன்று ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

1855: மூடல்

1854-55இல் அமெரிக்கன் போர்ட் சபையின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தலைமையிலான தூதுக்குழு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. அண்டர்சனுக்குத் தெளிவான ஒரு கொள்கை இருந்தது. உள்ளூர்த் திருச்சபை தன்னைத் தானே ஆளவும், தன் செலவைத் தானே பார்க்கவும், தானே பரவவும் வேண்டும். அதற்கு வேண்டியவர்கள் தாய்மொழியில் பயின்ற கிராமப் போதகர்கள். ஆங்கிலம் படித்தவர்கள் கிராமத்தில் தங்கமாட்டார்கள்.

செமினரியின் கணக்கு அவருக்குச் சாதகமாகவே இருந்தது. அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களில் திருச்சபை உறுப்பினர்கள் சிறு தொகையினரே. வெளியேறியவர்களில் பலர் இலங்கையிலும் இந்தியாவிலும் அரசாங்க உத்தியோகங்களுக்குப் போயிருந்தார்கள். மிஷன் கொடுக்கும் சம்பளத்தைவிட அங்கே சம்பளம் அதிகம். செமினரி 1855இல் மூடப்பட்டது. அதன் முதல் அதிபர் பூவர் அதே ஆண்டின் தொடக்கத்தில் மானிப்பாயில் கொலராவால் இறந்திருந்தார்.

அண்டர்சனை வில்லனாக்குவது எளிது. ஆனால் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனும் இதே பிரச்சினையைக் கண்டார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார்கள். அதனால் 1860களில் அவர் தமிழில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார், ‘இரணவைத்தியம்’ முதலிய பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். ஆனால் அந்த மொழிபெயர்ப்பு வேலைக்குத் தோள் கொடுத்தவர்கள் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்ற தமிழர்கள். அப்படிப்பட்டவர்களை உருவாக்கிவந்த இடம் செமினரி. தமிழில் அறிவியல் வேண்டும் என்றால், இரண்டு மொழியிலும் ஆழம் கண்ட ஒரு தலைமுறை முதலில் வேண்டும். பொஸ்ரனின் கணக்கேட்டில் இதை எழுதுவதற்கு ஒரு நிரல் இருக்கவில்லை.

திருச்சபையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை என்ற அளவுகோலால் பார்த்தால் செமினரி தோல்வி. தமிழ் உரைநடை, பத்திரிகை, பதிப்பு, அகராதி, அறிவியல் தமிழ் என்று பார்த்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் அதற்கு நிகரான நிறுவனம் குறைவு. மிஷன் கல்விக்கு மாற்றாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் இந்தக் காலத்திலேயே. மிஷன் கல்வி எழுப்பிய எதிர்வினையும் எங்கள் கல்வி வரலாற்றின் பகுதி.

மூடியதைத் திறந்தவர்கள்

எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படுவது இதன் பிறகு நடந்தது. செமினரி மூடப்பட்டதும் அதன் பழைய மாணவர் ஒருவர் வட்டுக்கோட்டையில் தன் சொந்த முயற்சியில் ஓர் உயர் பாடசாலையை நடத்தினார். 1867இல் பழைய மாணவர்கள் வட்டுக்கோட்டையில் கூடி, ஓர் உயர்கல்விக் கல்லூரி வேண்டும் என்று தீர்மானித்தார்கள். உள்ளூரில் பணம் சேர்த்தார்கள், அமெரிக்காவிலும் நிதி திரட்டப்பட்டது. 1872இல் ஈ.பி. ஹேஸ்ரிங்சை அதிபராகக் கொண்டு யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. இந்தமுறை நிர்வாக சபையில் யாழ்ப்பாணத்தவர்களும் அமர்ந்தார்கள். ஆயினும் அறக்கட்டளை நிதியின் பொறுப்பு பொஸ்ரனில் இருந்த நம்பிக்கையாளர் சபையிடமே இருந்தது.

பின்வந்த தலைமுறையும் பணிக்கூற்றைத் தன் வழியில் வாசித்தது. 1924இல் யாழ்ப்பாணக் கல்லூரியைச் சேர்ந்த ஹன்டி பேரின்பநாயகமும் நண்பர்களும் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. அது சாதிப் பாகுபாட்டை எதிர்த்தது, 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது, முழுச் சுதந்திரம் கேட்டு 1931 சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் செமினரி சாதியின் முன்னால் விட்ட இடத்தை, அதன் வாரிசு நிறுவனத்தில் உருவான இளைஞர்கள் மீண்டும் கையில் எடுத்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு லண்டன் வெளிவாரிப் பட்டங்களுக்கு மாணவர்களைத் தயார்படுத்தியது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் தொடங்கப்பட்டபோது, அதன் விஞ்ஞான வகுப்புகள் வட்டுக்கோட்டையில் அந்தப் பிரிவு இயங்கிய கட்டடங்களில் நடந்தன. இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கதையில் ஒரு சைவக் கல்லூரியின் நிலமும் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் கட்டடமும் சேர்ந்தே இருக்கின்றன.

இன்றைக்கு இது எதற்கு?

1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. வீட்டை விட்டுப் போகும்போது சான்றிதழ்க் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போன குடும்பங்கள் எங்களுடையவை. கல்வி எங்களுக்கு என்ன பெறுமதி என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கல்வி நிறுவனங்களின் பெறுமதியை யார் அளக்கிறார்கள் என்ற கேள்வியை நாங்கள் குறைவாகவே கேட்கிறோம்.

போருக்குப் பின் வந்த பயிற்சி நிலையங்கள், புலமைப்பரிசில்கள், தனியார் உயர்கல்வி நிறுவனங்கள், சமயச் சார்புள்ள நிறுவனங்கள் எல்லாமே நல்ல பணிக்கூற்றுகளோடுதான் வருகின்றன. அவற்றின் சமயத்தைப் பார்த்து ஏற்பதோ ஒதுக்குவதோ எங்களுக்கு உதவாது. கேட்க வேண்டியவை வேறு. பிள்ளை எதைக் கற்று வெளியே வரும்? யாருக்கு வாசல் மூடியிருக்கிறது? கணக்குக் கேட்பவர் எங்கே இருக்கிறார்? நிதி நின்றால் முடிவெடுக்கும் மேசையில் எங்கள் ஆட்கள் இருப்பார்களா?

1855இல் அந்த மேசையில் யாழ்ப்பாணத்தவர் இருக்கவில்லை. 1872இல் இருந்தார்கள். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில், கடிதம் எழுதியும் கூட்டம் கூடியும் சொந்தப் பணம் போட்டும் அந்த இடத்தைப் பெற்றுக்கொண்டவர்கள், மூடப்பட்ட நிறுவனத்தின் பழைய மாணவர்களே.